வசனம் இல்லாத ஆளு

பிப்ரவரி 20, வெள்ளி

திண்டுக்கல் மதுரையை விட்டுப் பிரிஞ்சு தனி ஜில்லா ஆச்சே, அதுக்கு அடுத்த ஈஸ்டர் சமயம். எங்க கிணத்துக்குக் கரண்டு மோட்டார் வந்ததும், என் சின்னவன் பொறந்ததும் அந்த வருஷந்தான். எங்க ஊர்ல கடைசியா பாஸ்கா நாடகம், ஏசு சிலுவைப்பாட்டுக் கதை, போட்டதும் அப்பத்தான். அதோட நிறுத்துனது.

இந்த வருஷம் திரும்பப் போடணும்னு ஸ்டான்லி நிக்கிறான். அப்ப ஏசுவா நடிச்ச சகாயராஜோட மகன். சகாயராஜ் இப்ப இல்லை. பழைய ஏட்டைக் கரையான் தின்னுருச்சு. முழு நாடகமும் இருக்கிறது என் தலையில மட்டும். எனக்கோ எழுத்து தெரியாது.

"நீங்க பேசுங்க பெரியப்பா, சாப்ட்வேர் எழுதிக்கிடும்." போன்ல எதையோ ஏத்திக் கொடுத்துட்டுப் போனான். மைக் படத்தை அமுக்கிட்டுப் பேசணும். நாடகம் போக மிச்சப் பேச்சையும் அதுலயே போட்டு வைக்கிறேன். இந்தா, இதுதான் அது.

பிப்ரவரி 24, செவ்வாய்

முதல்ல ஆள் பேரு, அப்புறம் வசனம். அப்படிச் சொன்னாத்தான் அது பிரிச்சு எழுதும். நான் பிலாத்துன்னு சொல்ல வேண்டிய இடத்துல எல்லாம் மூக்கையான்னு சொல்லி வச்சிருக்கேன்.

"செருசலேமுக்கு மூக்கையா எப்ப பெரியப்பா வந்தாரு?"

"ஏலே, அப்ப பிலாத்து வேஷம் போட்டவன் அவன்தான்டா."

பேசினதைத் திரும்பப் படிச்சும் காட்டுது. ஒரே பொம்பளைக் குரல். பிலாத்துக்கும் அதுதான், யூதாசுக்கும் அதுதான். எனக்கு மட்டும் அவனவன் தொண்டையில கேக்குது. மூக்கையா இருமுற இருமல்கூட.

எல்லாரும் செத்தவங்க.

மார்ச் 6, வெள்ளி

ஏசு மாதாவைச் சந்திக்கிறதைச் சொன்னேன். அடுத்து வெரோனிக்கம்மா முகம் துடைக்கிறதுக்குப் போயிட்டேன். நடுவுல ஒண்ணு இருக்கு. வாய் வரலை.

மார்ச் 10, செவ்வாய்

ஸ்டான்லி கண்டுபிடிச்சுட்டான். "சிலுவையைத் தாங்கிப் பிடிப்பானே சீமோன், அவன் எங்க?"

"அவனுக்கு வசனம் கிடையாது."

"அதனால என்ன, சாப்ட்வேரே எழுதித் தரும்." தட்டுனான். கண்ணு மூடி முழிக்குமுன்ன வந்துருச்சு. படிக்க விட்டான். பொம்பளைக் குரல் சொல்லுது: "ஆண்டவரே, உம் பாரத்தை நான் மனமுவந்து சுமக்கிறேன்."

நல்ல வசனந்தான். அவரு அப்படிச் சொல்லலை.

மருமக அறிவுச்செல்வி கேட்டா, "ஏன் மாமா சோறு அப்படியே இருக்கு?"

மார்ச் 11

இன்னைக்கு முழுக்க காதுல அந்தக் கூட்டத்துச் சிரிப்பு.

மார்ச் 14, சனி

சொல்லித்தான் பாக்குறேன். வீட்டுல யாரும் இல்லை.

எங்க ஊர் வழக்கம் என்னன்னா, சீமோனுக்குன்னு ஆள் வைக்க மாட்டோம். சேவகன் ரெண்டு பேரு கூட்டத்துக்குள்ள இறங்கி, கைக்கு ஆப்புட்ட ஒருத்தனை இழுத்துட்டு வருவாங்க. அவன் மாட்டேன்னு திமிறுவான். திமிறத் திமிற சனம் சிரிக்கும். அவனுக்கு வேஷமே அந்தத் திமிறல்தான்.

அந்த வருஷம் இழுத்தது பக்கத்து ஊர் அகரத்துக்காரரு, பெரியகருப்பன். நாடகம் பாக்க வந்தவரு. தோள்ல பொம்பளைப் புள்ளை. அதை இறக்கித் தரையில விட்டுட்டு அவரைத் தூக்கிட்டு வந்தாங்க. நான் இடப்பக்கக் கள்ளன் வேஷம். ரெண்டு கையையும் கட்டைல கட்டியிருந்துச்சு. என் பக்கத்துல வரும்போது சொன்னாரு — "செத்த நேரம் விடுங்கப்பு, புள்ள ஒத்தையில நிக்குது, அவ ஆத்தாகிட்ட விட்டுட்டு ஓடியாறேன்."

வேஷம்னு நெனச்சு சேவகன் முதுகுல ஒரு தட்டு தட்டுனான். சிரிப்பு. சிலுவையைக் கல்வாரி மேடு வரைக்கும் கொண்டாந்தாரு. இறக்கி வச்சு உக்காந்தாரு. அப்படியே சாஞ்சாரு. கை தட்டுனாங்க. உசுரு போயிருச்சுன்னு தெரிய எம்புட்டு நேரம் ஆச்சு...

அவரு பெஞ்சாதி புள்ளையோட கொடைரோட்டுக்குப் பொறந்த வீடு போயிட்டான்னு கேள்விப்பட்டேன். அம்புட்டுத்தான்.

மார்ச் 19, வியாழன்

ஸ்டான்லி நாடகம் போடுறதைப் போன்ல போட்டிருக்கான். அதைப் பாத்துட்டு கொடைரோட்டுலருந்து ஒரு பொம்பளை பஸ் ஏறி வந்துருச்சு. வாசல்ல நின்னு, "பெரியகருப்பன் மக பேச்சாயி"ன்னா. நெத்தி அவரு நெத்தி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா. உங்க பக்கத்துல வந்தப்ப அப்பா வாய் அசைஞ்சுச்சு, நான் பாத்தேன். என்ன சொன்னாரு? கூத்து ஆசையில என்னையக் கீழ விட்டுட்டு ஓடினாருன்னு ஆத்தா சாகுற வரைக்கும் வஞ்சா. நானும் கூடச் சேந்து வஞ்சிருக்கேன்."

மைக்கை அமுக்குனேன். அவளைப் பாத்துச் சொல்ல ஏலலை, போனைப் பாத்துச் சொன்னேன். அது திரும்பப் படிச்சுச்சு. அந்தப் பொம்பளைக் குரல்லதான். அவ இன்னொருக்கா போடச் சொன்னா. பெறகு இன்னொருக்கா.

"நான் ஒத்தையில நின்னேன்தான்"னா. அம்புட்டுத்தான் சொன்னா.

மார்ச் 21, சனி

பெரியகருப்பன் சொன்ன வசனம் காட்சிக்குப் பொருந்தலை, எடுத்துரலாம்னு சாப்ட்வேர் சொல்லுதாம்.

"எடுக்கிறதுன்னா என் பேச்சு மொத்தத்தையும் எடுத்துரு"ன்னேன். ஸ்டான்லி போனைக் கீழ வச்சான். "அப்பா கடைசிவரை அந்த ஏசு அங்கியைத் தொடலை பெரியப்பா. ஏன்னு இப்பத்தான் தெரியுது"ன்னான்.

பேச்சாயிக்குப் போன் போட்டு, அவ அப்பா வசனத்தை நாடகத்துல வைக்கலாமான்னு கேட்டோம்.

"எழுதுனதுல மாத்தலாமா ஐயா?"

"அதுக்குத்தான் இருக்காமே தாயி இந்த சாப்ட்வேர்."

"அப்ப அவரை விடச் சொல்லுங்க. போயிட்டு வரட்டும்."

ஏப்ரல் 12, ஞாயிறு

நேத்து நாடகம். என்னைய முன்னால நாற்காலியில உக்கார வச்சாங்க.

சீமோனா ஆட்டோ ஓட்டுற பய ஒருத்தன், தோள்ல புள்ளையோட. சேவகங்க பிடிச்சாங்க. சனம் சிரிக்க ஆரம்பிச்சுச்சு. அவன் அந்த வசனத்தைச் சொன்னான். சேவகங்க கையை எடுத்துட்டாங்க.

சிரிப்பு நின்னுருச்சு.

புள்ளையோட பொம்பளைங்க பக்கம் நடந்து போனான். கொடுத்தான். திரும்பி வந்து, யாரும் இழுக்காம, தோளைக் கொடுத்தான்.

அன்னைக்கு மேடையில நின்ன சகாயராஜ், மூக்கையா, அந்தச் சேவகங்க ரெண்டு பேரு — ஒருத்தரும் இல்லை. மிச்சம் நான் மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டே இத்தனை வருஷம் கெடந்தேன். கீழ தரையில ஒரு ஆளு நின்னுச்சு. அது உசுரோட இருக்கு. நேத்து அந்தப் புள்ளையைக் கை நீட்டி வாங்குனது அவதான்.

பேச்சாயி.