வாபஸ் வாங்காத வார்டு

செப்டம்பர் 20

இந்த நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறேன். அட்டையில் பெயர் போடவில்லை.

எதிர்வீட்டுக் கனகா அக்கா வார்டு மெம்பருக்கு நிற்கிறாள். எங்கள் வார்டில் பதினைந்து வருஷமாகப் போட்டியே கிடையாது, அன்னபோஸ்ட்தான். கோயில் மண்டபத்தில் ஏகாம்பரம் மாமா ஒரு பெயர் சொல்வார், அதோடு முடிந்தது. இந்த முறை அவர் தம்பி மனைவி.

"பக்கத்தூர் கோயில் கல்வெட்டுல அந்தக் காலத்து எலக்சன் பாக்க எங்கெங்கிருந்தோ வராங்கோ. நம்ம வார்டுக்கு ஓட்டு மட்டும் வர்ல" என்று சிரித்தாள் அக்கா.

வேட்புமனுவை எழுதியது நான். நூறு நாள் வேலை மனு முதல், தெருவில் எல்லாம் என் எழுத்துதான். எனக்கு ஒரு வழக்கம். மனு யாருடையதோ அவர் எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டுவேன். பிறகுதான் கையெழுத்து. அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

நைனா, ஏகாம்பரம் மாமாவின் டிராக்டரை ஓட்டுகிறார். நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

செப்டம்பர் 21

எழுத்தைச் சாய்த்தாவது எழுதியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

செப்டம்பர் 23

தெரிந்துவிட்டது. பரிசீலனையில் மனுவைப் பார்த்தவுடனே என் எழுத்து என்று சொல்லிவிட்டார்களாம்.

"உனக்கு இன்னாத்துக்குமா இந்த பேஜாரு? எவன் மெம்பரானா இன்னா, நான் வண்டி ஓட்டினாத்தான் சோறு."

நைனா அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

செப்டம்பர் 24

மாமா வீட்டுக்கே வந்தார். கையில் அக்கா பெயருக்கு ஒரு வாபஸ் படிவம். நாளை மூன்று மணி வரைதான் கெடு.

"எழுத்து முத்து முத்தா கீது. இதையும் நீயே எழுதிக் குடு. கையெழுத்து நான் வாங்கிக்கிறேன்."

தாவணி முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா வந்து எதிர்ல உக்காந்து சொன்னா எழுதறேன், மாமா."

"நான் சொன்னா போதாதா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மாமா நைனாவிடம் கையை நீட்டினார். நைனா டிராக்டர் சாவியை எடுத்துக் கொடுத்தார். என்னைத் திட்டவில்லை.

ஐயோ, இன்னா பண்ணிட்டேன் நான்?

செப்டம்பர் 25

மூன்று மணி தாண்டிவிட்டது. வேறு யாரோ எழுதிய படிவத்தோடு அக்காவிடம் போனார்களாம். அவள் முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இத நான் சொல்லவேயில்லயே" என்றாளாம்.

அக்டோபர் 6

"ஓட்டுப் போட்டு இன்னா ஆவப்போவுது" என்று எப்போதும் சொல்லும் நைனா, காலை ஆறரைக்கே வரிசையில் முதல் ஆள். துவைத்த சட்டை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 12

அக்கா தோற்றுவிட்டாள். எழுபத்து நான்கு, அறுபத்தொன்று.

நானும் அக்காவும் நம்பியிருந்தது ஆறு பேரைத்தான். ரேஷன் கடை வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மிச்சம் ஐம்பத்தைந்து பேர் யார்? ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. எல்லாரையும் பிடித்துப்போயிற்று.

அக்டோபர் 21

நைனாவுக்கு மாகறலில் வேறொருவர் டிராக்டர் கிடைத்திருக்கிறது. தூரம்தான். இன்று வந்து கால் கழுவிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். இதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை.

"எழுது. தெருக்குழாய்ல மூணு வாரமா தண்ணி இல்ல. புது மெம்பருக்கு."

"அனுப்புநர்?"

"சுப்பிரமணி. பெரிசா எழுது."

வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதினது யாருன்னும் கீழ போடு. எப்டியும் கண்டுபுடிக்கத்தான் போறாங்கோ."

போட்டேன். மனு எழுதியவர்: சு. ஜெயப்பிரியா, பத்தாம் வகுப்பு.