பாஸ் வேண்டாம் என்று சொன்ன ஆள்

செப்டெம்பர் 3, புதன்

வெயில். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. பட்டறைக் கூரைத் தகரம் காலையிலிருந்து கடகடவென்று.

செய்ய வேண்டியவை: குச்சவெளிக்காரரின் படகு எஞ்சின், காபரேட்டர் கழுவுதல். மேரியின் கருவாட்டுக்கு உப்பு ஒரு மூடை. கட்சித் தலைவருக்குத் தொலைபேசி. சுவரொட்டி மறுபடியும்.

மறுபடியும் ஏனென்றால், நேற்றுப் பின்னேரம் கடற்கரை வீதி மதிலில் ஒட்டியதை எல்லாம் ஊருக்குள் திரியும் மான்கள் தின்றுவிட்டன. மாப்பசை ருசி போல. மற்றக் கட்சிக்காரர் பிளாஸ்டிக் பதாகை கட்டுகிறார்கள், அதை மான் தொடாது. எங்களிடம் அதற்கு வசதி இல்லை. வீட்டில் சொல்ல, மேரி சிரித்துச் சிரித்து இருமினாள். "அதுகளாவது உங்கட கொள்கையை விழுங்கிச்சுதே, சந்தோசப்படுங்கோ."

மதிலடியில் நின்ற ஒருவன் கேட்டான்: "அண்ணை, இந்த இயல்நீதிக் கட்சி வந்தா என்ன தரும்?"

"ஒண்டும் தராது. உங்களிட்ட இருக்கிறதை ஒருத்தரும் எடுக்க விடாது. மனுசனுக்கு உரிமை பிறக்கேக்கையே இருக்கு. அரசாங்கம் தந்தது இல்லை. அரசாங்கம் சின்னனா இருந்தாக் காணும்."

"ஒண்டும் தராட்டி எதுக்கு அண்ணை கட்சி?"

மாவட்ட அமைப்பாளர் என்ற முறையில் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் பஸ் வந்துவிட்டது.

செப்டெம்பர் 4, வியாழன்

எங்கள் ஒழுங்கையின் கடற்கரை முனையில் கரையோரத் திணைக்களம் போன மாதம் கம்பி வேலி அடித்தது. படலையும் வைத்தது. இன்று அதில் அறிவித்தல். கரைக்குப் போய்வருகிறவர்கள் புதன்கிழமைக்குள் பாஸ் எடுக்க வேண்டும். படம், அடையாள அட்டைப் பிரதி.

கரையில்தான் எங்கள் பெண்கள் கருவாடு காயப்போடும் பரண்கள் எல்லாம் இருக்கின்றன. மேரியுடையது, அதற்குப் பக்கத்தில் நூர்ஜகான் ராத்தாவுடையது. மழை இறங்கினால் இந்த ஆண்டுக் கருவாடு முடிந்தது. இன்னும் சில கிழமைகள்தான்.

பின்னேரம் ஒழுங்கைச் சனம் எல்லாம் கூடியது. பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். திணைக்களம் பிறக்கும் முன்பே இந்த ஒழுங்கை இருந்தது. நடந்து நடந்து எங்களுடையதான பாதை. நம்முடைய பாதைக்கு நாமே போய்ப் பாஸ் கேட்டால், பாதை அவர்களுடையது என்று நம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறோம். ஒருவரும் எடுக்க வேண்டாம். கை தட்டினார்கள். எங்கள் கட்சிக்கு இந்த ஊரில் விழுந்த முதல் கைதட்டு. இரண்டாம் தரம் தேத்தண்ணீர் கேட்டேன், மேரி மறுபேச்சில்லாமல் போட்டுத் தந்தாள்.

நூ. ராத்தா மட்டும் கலைந்து போகும்போது கிட்ட வந்து கேட்டார்: "பாஸ் எடுக்காட்டி உள்ள விடுவாங்களா தம்பி?"

"விடாமல் மறிக்க அவைக்கு உரிமை இல்லை, ராத்தா."

"அப்ப சரி. நீங்க சொன்னாச் சரி."

செப்டெம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்து தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கொழும்பில் மழையாம். ஒழுங்கை விசயம் கேட்டு மிகவும் மகிழ்ச்சி. "ஒருவரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நம் கொள்கைக்கு இதுதான் உரைகல்." வழக்குப் போடலாமா என்றேன். நல்ல யோசனை என்றார். வக்கீல் யார் என்றேன். பார்ப்போம் என்றார்.

அவர் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். வேலி இல்லை, மதில். அவருடைய சொந்த மதில்.

குசினிக் குழாய் ஒழுகுகிறது. வாசர் வாங்க வேண்டும்.

செப்டெம்பர் 10, புதன்

பாஸுக்குக் கடைசி நாள். வேலை இல்லாமலே சைக்கிளை எடுத்துத் திணைக்கள வாசல் பக்கம் போனேன்.

வரிசை. குடையும் தொப்பியுமாக. எங்கள் ஒழுங்கை முழுவதும் அங்கேதான் நின்றது. கை தட்டிய அத்தனை பேரும். ஒருவர் கைபேசியைப் பார்த்தார். ஒருவர் மரத்தைப் பார்த்தார். ஒரு கிழவர் மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்: "கோவிக்காதேங்கோ தம்பி. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இது சும்மா ஒரு காவலுக்கு."

நூ. ராத்தா வரிசையில் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன், இல்லை. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

செப்டெம்பர் 11, வியாழன்

என்ன நாள் இது.

காலையில் நூ. ராத்தா படகுத்துறையில் நெத்தலி வாங்கி, ஒரு கூடை, படலைக்கு வந்தார். நானும் கூடவே போனேன், துணைக்கு. காவலாளி கந்தளாய்க்காரன். மரியாதையான ஆள். சிங்களத்தில் பாஸ் கேட்டான். என் சிங்களம் நல்ல சிங்களம், நீர்கொழும்புப் பட்டறையில் கற்றது. அந்தச் சிங்களத்தில் இயல்நீதி, பாதையுரிமை, அரசின் எல்லை எல்லாம் எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டான். இடையில் ஒரு கதிரைகூட எடுத்துத் தந்தான். கடைசியில் சொன்னான்: "நீங்கள் சொல்வது நியாயம் அண்ணே. ராத்தாவையும் எனக்கு நன்றாகத் தெரியும். பாஸ் இல்லாமல் விட்டால் என் வேலை போய்விடும்."

அவனோடு என்ன சண்டை பிடிப்பது?

அந்த நேரம் பின்னால் மேரி வந்தாள். தலையில் கூடை. இடுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். அவன் தலையாட்டினான். உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி.

ராத்தா என்னைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "உங்கட வீட்டுக்கு ஒரு சட்டம், எனக்கு வேற சட்டமா தம்பி?"

எனக்கும் இப்போதுதான் தெரியும் என்று சொன்னேன். நம்பினாரோ தெரியாது. நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மேரி திரும்பி வந்து வேலிக்கு மேலால் கை நீட்டினாள். "கூடையைத் தாங்கோ ராத்தா. என்ர பரணிலை கொஞ்சம் இடம் இருக்கு." பாதிக்குத்தான் இடம் இருந்தது. மிச்சம் மத்தியானத்துக்குள் மணக்கத் தொடங்கிவிட்டது. ஒழுங்கைப் பூனைகளுக்குப் பெருநாள்.

வீட்டில்:

"எப்ப எடுத்தனீ?"

"முதல் நாளே. நீங்கள் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கப் போன நேரம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா ஒரு மணித்தியாலம் கதைப்பீங்கள். மீன் பொறுக்குமே?"

"ராத்தாவுக்காவது சொல்லியிருக்கலாமே."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. "அவ உங்களை நம்பினவ. நான் என்னண்டு போய்ச் சொல்லுறது? என்ர மனுசன்ர கதையைக் கேளாதேங்கோ எண்டா?"

இவளுக்கு என்னைப் பற்றித் தெரியும், ஆனால் என்னை விட்டுக்கொடுக்க மனமில்லை. அதனால் நட்டப்பட்டது இன்னொருத்தி. நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொள்கையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டெம்பர் 15, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. வடகிழக்கே கடலுக்கு மேல் கறுப்பு. இன்னும் மழை இல்லை.

போய்க் கேட்டவர்கள்:
– கிராம அலுவலர். தன்னால் ஏலாதாம். திணைக்களம் வேறு, தாங்கள் வேறாம்.
– ஆளும் கட்சி உறுப்பினர். கதிரை காட்டவில்லை. "இப்பதான் உங்களுக்கு அரசாங்கம் தேவைப்படுதோ? சின்னனாத்தானே வேணும் எண்டனீங்கள்?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். வேறு ஆளுக்கு என்றால் நானும் சிரித்திருப்பேன்.
– எங்கள் தலைவர். விவரமாகக் கேட்டார். பிறகு: "அருமை. அந்தப் பெண்மணி பாஸ் எடுக்காமலே இருக்கட்டும். நாடு முழுக்கச் சொல்லலாம். வேலிக்கு வெளியே கூடையோடு நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்."

அனுப்பவில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ராத்தா நான்கு நாளாக மீன் எடுக்கவில்லை. வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கொஞ்சம் காயப்போட்டுப் பார்த்தாராம். பக்கத்து வீடுகளில் மணம் என்று சத்தம் போட்டார்களாம். அவருக்கு வேறு தொழில் தெரியாது. கணவர் போன நாளிலிருந்து அந்தப் பரணில்தான் வீடு ஓடுகிறது. அவருக்கு நான் தெரிவித்த அனுதாபங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு றாத்தல் பாண் வாங்க முடியாது.

செப்டெம்பர் 17, புதன்

குச்சவெளி எஞ்சின் கொடுத்தாயிற்று. சரியாக ஓடுகிறது. ஏதோ ஒன்றாவது.

மத்தியானம் ராத்தா பட்டறை வாசலில். உள்ளே வரவில்லை. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"நாளைக்குத் திணைக்களத்துக்குப் போறன். பிந்தினதுக்குக் காரணத்த நேரில சொன்னாப் பாப்பாங்களாம். அங்க இருக்கிற ஐயாவுக்குத் தமிழ் தெரியா. எனக்குச் சிங்களம் தெரியா. சிங்களம் தெரிஞ்ச என்ட மருமகன் கட்டார்ல. வேற ஆள் இல்ல தம்பி."

வருகிறேன் என்றேன். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அவர் கையை உயர்த்தினார்.

"நான் சொல்றத மட்டும் சொல்லுங்க. உங்கட கதையச் சேர்க்காதீங்க."

செப்டெம்பர் 18, வியாழன்

விடியவே தூறல், பிறகு நின்றுவிட்டது. வெள்ளைச் சேட்டு போட்டேன். கட்சிச் சின்னம் குத்திய சேட்டு அது, சின்னத்தைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். மேரி பார்த்தாள்.

திணைக்களத்தில் நீண்ட நேரம் வாங்குப் பலகையில் இருந்தோம். ராத்தா என் பக்கம் திரும்பவில்லை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முனகல்.

அதிகாரி கண்ணாடி போட்டவர், களைத்த முகம். கெட்டவர் இல்லை. ஏன் பிந்தியது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

ராத்தா மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு ஆள் எடுக்க வேணாம் எண்டு சொன்னார். விசயம் தெரிஞ்ச மனுசன் எண்டு நம்பிட்டன். எல்லாரும் எடுத்தாங்க, நான் மட்டும் எடுக்கல்ல. எனக்குக் கட்சி கிட்சி ஒண்டும் தெரியா. இனி அவர்ட கதையக் கேக்கமாட்டன்."

ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். என் நல்ல சிங்களத்தில். "இனி அவருடைய பேச்சைக் கேட்க மாட்டேன்" என்ற இடத்தில் இருமிவிட்டுச் சொன்னேன்.

"யார் அந்த ஆள்?" என்று அதிகாரி கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேள்வியை ராத்தாவிடம் தமிழில் கேட்டேன். யார் அந்த ஆள் என்று கேட்கிறார், ராத்தா. சொல்லட்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் எனக்கும் கொஞ்சம் இலேசாக இருக்கும்.

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "ஊர்ல ஒரு ஆள். பேர் தெரியா எண்டு சொல்லுங்க."

அவர் சொல்வதை மட்டும் சொல்ல வந்தவன் நான். பெயர் தெரியாதாம் என்று சொன்னேன்.

அதிகாரி மேசை லாச்சியை இழுத்தார். அட்டை, முத்திரை, கையெழுத்து. மழைக்கு முன் எஞ்சியிருக்கிற நாட்கள் ராத்தாவுக்குக் கிடைத்துவிட்டன. முத்திரையைக் குத்திக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இப்படி ஊருக்கு ஒருவன் இருக்கிறான். தான் வீட்டில் இருந்துகொண்டு மற்றவர்களை வேலிக்கு வெளியே நிறுத்துவான். நீ நல்லவனாகத் தெரிகிறாய். இந்த அம்மா இனி அவன் பக்கம் போகாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

அதையும் தமிழில் சொன்னேன்.

"ஓம் எண்டு சொல்லுங்க தம்பி," என்றார் ராத்தா.

ஓம் என்று சொன்னேன்.