புங்க மரத்தடி பெஞ்சு

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். கல்லூரி நூலகத்தில் கரையான் மருந்து அடித்தார்கள், மதியமே வீடு.

கல்யாண புரோக்கர் அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு செங்கல்பட்டு, ஏரிக்கரைப் பூங்கா. பையன் படூர், ஏசி மெக்கானிக். அவன் அம்மாவும் அக்காவும் மட்டும் வருவார்களாம். கிட்டே வரமாட்டார்கள். நடக்க வந்தவர்கள் மாதிரி ஒரு சுற்று. பிடித்தால் போன்.

வீட்டுக்கு வரவழைப்பதை அம்மா நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல். ஒவ்வொரு தடவையும் தெருவே "இன்னா ஆச்சு?" என்று கேட்டது. பூங்கா என்றால் வந்ததும் தெரியாது, வேண்டாமென்று போனதும் தெரியாது. சுற்று வட்டாரப் பூங்காக்கள் எல்லாம் எனக்கு இப்படித்தான் பழக்கம்.

வண்டலூர்: நீர்யானைக்கு எதிர் பெஞ்சு. வேண்டாமாம்.

படூர் ஏரிக்கரை: காற்று, முடி நிற்கவில்லை. "யோசிச்சு சொல்றோம்."

திருப்போரூர் தாண்டி ஒரு மனைப்பிரிவு: "பூங்கா" என்று பலகை உண்டு, பூங்கா இல்லை. கருவேல முள், துருப்பிடித்த சறுக்குமரம். அவர்கள் காரைவிட்டு இறங்கவே இல்லை.

அக்கா கிளம்பும்போது: "கேட்டாண்ட புங்க மரம் ஒண்ணு கீது பாரு, அதுங்கீழ பெஞ்சு. அதுலதான் குந்தணும். அடையாளம் சொல்லிட்டேன். மூஞ்ச உம்முனு வச்சிக்கினு இருக்காத."

எந்தப் போட்டோ கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அதே ஸ்டுடியோ போட்டோதான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கொடுத்தது. அதில் இருப்பவளை எனக்கே தெரியாது.

மார்ச் 1, ஞாயிறு

புங்க மரம் இலை கொட்டி, புதுத் துளிர். எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. பார்த்த பூங்காக்களில் இதுதான் நல்ல மரம்.

அம்மா கேட்டுக்கு வெளியே பஜ்ஜிக் கடை ஓரம் நின்றுகொண்டாள். கையில் புத்தகம் கூடாது என்று முதல் நாளே உத்தரவு, கண்ணாடி போட வேண்டி வரும். சும்மா உட்கார்ந்திருந்தேன். கதைகளில் பூங்கா என்றால் யாராவது யாருக்காகவாவது காத்திருப்பார்கள். வந்து பார்த்துவிட்டுப் போனதுகூடத் தெரியாமல் காத்திருப்பவளை நான் எங்கேயும் படித்ததில்லை.

கழிப்பறைப் பக்கத்து பெஞ்சில் இன்னொருத்தி. நல்ல சிவப்பு, பட்டுப் புடவை, நெருக்கத் தொடுத்த மல்லி, முழு வெயில். பார்த்ததும் புரிந்தது. அவளாகவே எழுந்து வந்தாள்.

"நீங்களுமா?"

"ஆமா."

"அய்யோ!" சிரிப்பு. கலைச்செல்வி, மறைமலைநகர். "என்னைய பாத்ரூமாண்ட குந்த வச்சிட்டாங்க. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. தல சுத்துது. செத்த நேரம் மாத்தி உக்காரலாமா?"

நிழலை அவளுக்கு விட்டுவிட்டு அந்த வெயில் பெஞ்சுக்குப் போனேன். மரத்தடியிலிருந்து அவள் மூக்கைப் பொத்திக் காட்டினாள். நான் விசிறிக் காட்டினேன். ரொம்ப நாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தேன். பூங்காவில் ஒரு நல்ல கால் மணி நேரம் என்றால் அதுதான். நடைபாதையில் இரண்டு பெண்கள் மெதுவாகப் போனார்கள். யார் யாருக்காக வந்தவர்களோ.

மார்ச் 4, புதன்

புழுக்கம். காலையிலேயே அக்கா போன், ஸ்பீக்கரில்.

"புடிச்சிக்கீதாம் மா! நல்லா சிரிச்ச மொகமாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "சிரிச்சியாடி?"

சிரித்தேனே. ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன்.

"இன்னொண்ணு சொன்னாங்க மா. போட்டோல இருக்கிற மாதிரியே கீதாம் பொண்ணு. அதே கலராம்."

அம்மா குழம்புக்கு உப்பு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போட்டாள்.

கலைச்செல்வியின் பெஞ்சில் நான் உட்கார்ந்ததை வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஏதோ வேடிக்கை என்று சொன்னது.

"சொல்லிடலாம்மா."

"இன்னாத்த?"

அப்பா கம்பெனி வேன் ஓட்டப் போகுமுன் ஷேவ் செய்துகொண்டார். புதன்கிழமை அவர் ஷேவ் செய்துகொண்டதே இல்லை.

கலைச்செல்வியைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்திருப்பார்கள். அவள் வீட்டுக்கு என்ன பதில் போயிருக்கும்? நம்பர்கூட வாங்கவில்லை.

மார்ச் 7, சனி

வீட்டுக்கு வருமுன் பையன் ஒரு தபா பேச வேண்டுமாம். நாளை மாமல்லபுரம், உருண்டைப் பாறைப் புல்வெளி. புரோக்கர் அக்காவுக்கு வேறு இடத்தில் வேலை, வரமாட்டாள்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில்: "நேர்ல பார்த்தா புடிச்சிடும். நீ பேசுனா யாருக்குத்தான் புடிக்காது?"

தூங்கிவிட்ட மாதிரி இருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கடல் காற்று. நல்ல புல், ஈரமாக, ஒரே அளவாக. சரிவில் அந்தப் பாறை. வருகிறவர்கள் எல்லாம் கையைத் தூக்கி, அதைத் தாங்குகிற மாதிரிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். புடவையும் மல்லியும் அம்மாவே பஸ் ஏறுமுன் நாலு தடவை சரி செய்திருந்தாள்.

பையன் தூரத்தில் நின்றான், போனைப் பார்த்தபடி. நீலச் சட்டை, கூச்சமான ஆள். கெட்டவன் மாதிரி இல்லை. அவன் அம்மா மட்டும் வேகமாக வந்தாள், மந்தார இலையில் சுற்றிய பூவோடு. அடையாளத்துக்கு என் அம்மாவின் பச்சைப் புடவையைப் புரோக்கர் அக்கா சொல்லியிருந்தாள்.

வந்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பொண்ணு பின்னாடி வருதாங்க?"

அம்மாவின் வாய் திறந்தது. அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவளுக்குக் காய்ச்சலுங்க. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். நான் அவ சித்தி பொண்ணு."

அம்மா மறுக்கவில்லை. பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடடா. பார்த்துக்கம்மா. நல்ல பொண்ணு, அன்னிக்கே மனசுல நின்னுடுச்சு." பூவை என் கையில் வைத்தாள். "அவகிட்ட குடுத்துடு."

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. இலை என் மடியில். திருக்கழுக்குன்றத்தில் வேறு பஸ் மாற இறங்கி நின்றபோது, அம்மா என் தலையிலிருந்த வாடின மல்லியை எடுத்துப் போட்டாள். இலையைப் பிரித்தாள்.

"திரும்பு. வச்சி வுடறேன்."