சேர்ந்த தேதி

மார்ச் 3
வீட்டுக்காரிக்கு வயிறு மறுபடி உப்பிவிட்டது. கல்லீரல் சுருங்கினால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளுமாம். ஊசி குத்தி இறக்கினார்கள். காய்ச்சல் இல்லை. நாலைந்து நாள் இங்கேயே இருக்க வேண்டும். டிப்போவில் லீவு சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரித் தட்டைத் தள்ளிவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றாள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து, ஐந்து வருடமாக என் சமையலுக்கும் இதே பாட்டுதான்.

மார்ச் 6
பொது வார்டிலிருந்து மாடிக்கு, கல்லீரல் வார்டுக்கு மாற்றினார்கள். புதுக் கட்டில், புது ஃபைல்.

மார்ச் 7
காலையில் குளிர்காய்ச்சல். வயிற்றைத் தொட்டாலே கத்துகிறாள். நீரை எடுத்துப் பார்த்தார்கள். கிருமித் தொற்று. ட்யூட்டி டாக்டர் ஃபைலைப் புரட்டி, "நேத்துதானே சேர்ந்தாங்க? அப்போ வீட்டுலேர்ந்து வந்த கிருமி. அதுக்கு உண்டான மருந்து போட்டாச்சு" என்றார்.
பக்கத்தில் நின்ற மச்சினன் என்னைப் பார்த்தான். "அக்காவுக்கு என்னத்த சமைச்சுப் போட்டீங்க மாமா?"


மார்ச் 8
வீட்டுக்குப் போய்ச் சமையலறையைக் கழுவினேன். வெட்டுப்பலகை, கைப்பிடித் துணி, தண்ணீர்க் குடம், எல்லாம். எந்தக் கரண்டியில் இருந்தது? நான்தானா?

மார்ச் 9
மருந்து ஏறி இரண்டு நாள். நீரை மறுபடி எடுத்தார்கள். தொற்றைக் காட்டும் வெள்ளணு குறையவில்லை, கூடியிருக்கிறது. "நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டாள். இருபத்தாறு வருஷம்டி — யாருன்னு கேக்குறியே!
ஏன் மருந்துக்குக் கேட்கவில்லை என்று நர்ஸம்மாவைப் பிடித்தேன். "சேர்ந்து ரெண்டு நாளுக்குள்ள வந்தா வெளியிலேர்ந்து வந்ததுன்னு எடுத்துக்குவோம். அதுக்கப்புறம்னா ஆஸ்பத்திரிக் கிருமி. அது சாதா மருந்துக்கு அடங்காது."
நாங்கள் வந்தது மூன்றாம் தேதி! ஃபைலில் ஆறு என்று முத்திரை. வார்டு மாறினால் அன்றைய தேதியைக் குத்துவது இவர்கள் வழக்கமாம். டிப்போவில் பஸ் கிளம்பும் நேரம் எழுதுகிறவன் நான். பாதி வழியில் டிரைவர் மாறினால், பஸ் அப்போதுதான் கிளம்பியது என்று எழுதுவேனா?
இந்த டைரியைத் தூக்கிக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினேன். படித்தார். கீழ் வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். முகம் மாறியது. உடனே வேறு மருந்து எழுதினார்.

மார்ச் 10
மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 11
காய்ச்சல் இறங்கியது. வெள்ளணு பாதிக்கும் கீழே. கிருமி ரிப்போர்ட்டும் வந்தது: முதல் மருந்துக்கு அசையாத வகைதான்.
தேதியைத் திருத்தச் சொன்னேன். "அதான் குணமாகுறாங்களே சார், தேதில என்ன இருக்கு?" என்றார் கிளார்க். என்ன இருக்கா? இரண்டு நாள் வீணாகப் போனது இருக்கிறது. கட்டினவளுக்கு நானே விஷம் வைத்த மாதிரி கிடந்து தவித்தது இருக்கிறது. அவர் அடித்து எழுதும்வரை நகரவில்லை.

மார்ச் 20
வீட்டுக்கு வந்தாயிற்று. மச்சினன் வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பசிக்குது மாமா" என்று தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டான்.
அவள் ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தாள். "உப்பில்லாப் பண்டம்..." என்று ஆரம்பித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்தினாள்.
"முழுசா சொல்லு" என்றேன்.
சொன்னாள்.