லேடீஸ் கதவின் சாவி

செவ்வாய் இரவு. இப்போதுதான் மழை பிடித்திருக்கிறது.

எங்கள் ஹோட்டல் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் தொரை குடியிருந்த பங்களா. தங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் படமெடுக்கட்டும் என்று ஹோட்டல்காரர்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் செல்வமணி அக்காவைக் கூட்டிவந்து, வாசலுக்கு எதிரே கொழுந்து பறிக்க விடுவார்கள். இன்று அவர் ரிசெப்ஷனுக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பாத்ரூம் போகணும்மா. இதுக்காகவே காலையிலருந்து தண்ணிகூடக் குடிக்கல. முடியல." நான் கெஸ்ட்டுகளுக்கான, 'லேடீஸ்' என்று எழுதிய பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டேன்.

மேனேஜர் பார்த்துவிட்டார். "கொழுந்து எடுக்கிறவங்கல்லாம் லேடியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆதியில லேடின்னா ரொட்டிக்கு மா பிசையிறவங்கதான் சார். லார்ட்னா அந்த ரொட்டியக் காக்கிறவன். சீமாட்டி, பிரபுங்கிறதெல்லாம் பின்னால ஏத்திவச்ச அர்த்தம். அக்கா விடியுமுன்னே மா பிசைஞ்சு, ரொட்டி சுட்டு வச்சிட்டுத்தான் வந்திருக்காங்க. நீங்க பிசைஞ்சீங்களா?"

பால் பண்ணையைச் சொல்லும் 'டெய்ரி'யும் லேடி என்ற சொல்லுக்குச் சொந்தம்தான்; அதிலும் மா பிசைகிறவள்தான் இருக்கிறாள். ஆங்கில வகுப்பில் படித்ததை எல்லாம் இன்றே கொட்டியிருப்பேன். அதற்குள் மேனேஜர் முகம் சிவந்துவிட்டது.

"கதவப் பூட்டி சாவிய நீயே வச்சுக்க. கெஸ்ட் கேட்டா மட்டும் தெற. மத்தத நாளைக்குப் பேசிக்கிறேன்."

பேசட்டும். சாவி என் பையில் இருக்கிறது. நாளை வேலை இருக்குமோ என்னவோ. ஆனால் மேனேஜர் வருவதற்கு முன் அக்கா வந்துவிடுவார். வந்ததும் ஒரு பெரிய கோப்பை பிளேன்டீ கொடுத்து, மிச்சம் வைக்காமல் குடிக்கச் சொல்வேன்.