ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட்

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்,
22-2-1993.

அன்புள்ள மகன் கிருபாகரனுக்கும் மருமகள் ஞானஜோதிக்கும் அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை பியூலாவும் வெயிலில் கறுத்துப்போனதைத் தவிர வேறு ஒரு குறையும் இல்லாமல் அந்தமானிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டோம், மஸ்கட்டில் நீங்கள் இருவரும் அப்படியே சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நீ பக்கத்து வீட்டுத் தட்சிணாமூர்த்தி சாருக்கு மூன்று தடவை போன் செய்து, அப்பா அம்மாவைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்று அழாத குறையாகக் கேட்டாயாமே, அவர் சொன்னார். வர வேண்டிய கப்பலை நாங்கள் தவறவிட்டோம், அடுத்த கப்பல் பதினோரு நாள் கழித்துத்தான். போர்ட் பிளேரிலிருந்து அவருக்குக் கொடுத்த தந்தி நாங்கள் வந்த மறுநாள் வந்தது, அவர் வெளியே போயிருந்ததால் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கப்பல் ஏன் தவறியது என்பதை, நாங்கள் வந்தபிறகு நீ போன் செய்தபோது உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் பயந்துவிடுவாய், அதனால் எல்லாம் முடிந்தபிறகு நிதானமாக எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், போன ஜூலையில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்தபிறகு அந்தக் கூடுவாஞ்சேரி மாப்பிள்ளை வீட்டார் டீச்சர் வேலையை விடவேண்டும் என்று சொல்ல, பியூலா கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டாள் அல்லவா, அன்றிலிருந்து அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு மாதம். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, ஊறுகாய் வேண்டுமா என்று கேள் என்பார் என்னிடம். அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே, வேண்டாம்னு சொல்லும்மா என்பாள். மே மாதம் ரிடையர் ஆவதற்குள் ஆபீசில் தரும் எல்.டி.சி. பயணச் சலுகையை எடுக்காவிட்டால் வீணாகும் என்று அப்பா அந்தமானுக்கு ஏற்பாடு செய்ததும் அவள் வரவில்லை என்றாள், அவள் வராவிட்டால் நானும் வரவில்லை என்று நான் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டேன். கப்பலில் மூன்று நாளும் அப்பா ஒரு பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார், அவள் மறுபக்கம் நின்று பார்த்தாள், நான் நடுவில் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தேன்.

ஹேவ்லாக் தீவில் மூன்றாம் நாள், பவளப்பாறை பார்க்கலாம் என்று பக்கத்திலிருந்த ஒரு குட்டித் தீவுக்கு மோட்டார் படகில் போனோம், படகுக்காரரோடு சேர்த்துப் பதினொரு பேர், அதில் நான்கு பேர் குழந்தைகள். அந்தத் தண்ணீரை என்னவென்று எழுதுவேன் கிருபா, கழுத்தளவு ஆழத்திலும் அடியில் கிடக்கிற சிப்பியை எண்ணலாம், மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் காலை உரசிக்கொண்டு போயின, அப்பா பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி நின்றார். திரும்பும்போது நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது. படகுக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சிவந்ததுதான் மிச்சம். காற்று எங்களைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போனது, கரையிலிருந்த தென்னைமரமெல்லாம் துடைப்பக்குச்சி மாதிரி ஆகிவிட்டது, அலை ஏறி ஏறிப் படகுக்குள் தண்ணீர் வந்தது. பியூலா என் டிபன் கேரியர் அடுக்கில் ஒன்றை எடுத்து வாரிக் கொட்ட ஆரம்பித்தாள். நான் இருபத்துமூன்றாம் சங்கீதம் சொன்னேன், பாதியில் மறந்துபோனது.

படகில் இருந்ததே ஐந்து லைஃப் ஜாக்கெட். நான்கைக் குழந்தைகளுக்கு மாட்டிவிட்டு, வயதானவர் என்று மீதி ஒன்றைப் படகுக்காரர் அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு, பியூலா, இத நீ போட்டுக்கோ என்றார். ஏழு மாதத்துக்கப்புறம் அவள் பெயரை அவர் வாயால் கேட்கிறேன். அவள் வாருவதை நிறுத்தாமலேயே, நீங்க போடுங்கப்பா, எனக்கு நீச்சல் தெரியும் என்றாள். பொய் சொல்லாத, எங்க கத்துக்கின, சேலையூர் ஏரியிலயா என்று அப்பா சத்தம் போட்டார். அவளும் விடவில்லை, உங்களுக்கு பிரஷர் இருக்கு, எது சொன்னாலும் கேட்கவே மாட்டீங்களா, எப்பவும் உங்க இஷ்டம்தானா என்று கத்தினாள். படகு ஆடுகிற ஆட்டத்தில் இருவரும் அந்த ஜாக்கெட்டை இழுத்துப்பிடித்துச் சண்டை போட்டார்கள், மற்றவர்கள் அழுவதைக்கூட மறந்து பார்த்தார்கள். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா, இருவரும் சேர்ந்து அதை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அப்புறம் அப்பா தொப்பியைக் கழற்றி, அவள் பக்கத்தில் மண்டிபோட்டு அவரும் தண்ணீரை வாரிக் கொட்டினார். நடுவில் ஒருதரம், பத்திரிகை அடிச்சாச்சேன்னுதாம்மா பார்த்தேன், உன்னைப் பார்க்கலை என்று அவர் அவளிடம் சொன்னது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், உப்புத்தண்ணீரா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை.

ஐந்து மணி வாக்கில் தெலுங்கு மீனவர்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் நீல் தீவில் கரை சேர்த்தார்கள், மகராசர்கள். அங்கே ஒரு வங்காளிக் குடும்பம் சோறும் மீன்குழம்பும் போட்டது, பியூலா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள், நான் கண்ணாரப் பார்த்தேன். அலை அடங்கிப் போர்ட் பிளேருக்குப் போகும் லாஞ்ச் படகு வர இரண்டு நாளாயிற்று, அதற்குள் கப்பல் போய்விட்டது. அப்புறம் கிடைத்த பதினோரு நாளும் அப்பாவும் மகளும் தீவு தீவாகச் சுற்றினார்கள், என்னைக் கூப்பிட்டால் நான் மணலை விட்டு எழுந்திருக்கவில்லை, எனக்குப் படகு போதும்.

நேற்று ஆராதனை முடிந்து நம் சபை ஏசுபாதம் ஐயா நம் வீட்டுக்கு வந்து மேடவாக்கத்தில் ஒரு நல்ல வரன் இருக்கிறது என்றார். அப்பா, ஒரு நிமிஷம் இருங்க ஐயா, அவளைக் கேட்டுட்டு வரேன் என்று எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, ஒரு வருஷம் போகட்டும்ங்கிறா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பியை நீட்டினார்.

ஞானஜோதியை வெயிலில் அலைய விடாதே, வேளைக்குச் சாப்பிடச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே, போன ஆகஸ்டில் நீயும் அப்பா பக்கம் பேசித் தங்கைக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினாய். அதை அவள் கிழிக்கவில்லை, பீரோவில் வைத்திருக்கிறாள், நேற்றுகூடப் பார்த்தேன். எனக்கு அப்புறம் எழுதலாம், முதலில் அவள் பெயருக்குத் தனியாக நாலு வரி எழுது.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
வே. ரத்தினபாய்