மஞ்சள் தண்ணீரில் முங்கிய வீடியோ கேம்

நேற்று சேலம் பொருட்காட்சியில் அந்தச் சத்தம் கேட்டது. டெல்லி அப்பளக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே நானும் அம்மாவும் கூட்டத்தில் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தோம். எண்ணெய் வாசனை, ராட்டினத்தின் இரைச்சல், காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லும் ஒலிபெருக்கி. இத்தனைக்கும் அடியில் 'டிக் டிக் டிக்' என்று மெல்லிசாக ஒன்று. என் கால் நின்றுவிட்டது. உன் ஓலைக்குடிசைக்குள்ளிருந்து பகலெல்லாம் வந்த சத்தம் அது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் காது இன்னும் மறக்கவில்லை.

தகரக் கொட்டகை ஒன்று. வாசலில் சிவப்புப் பெயிண்டில் 'வீடியோ கேம்' என்று எழுதியிருந்தது. உள்ளே பீரோ உயரத்துக்குப் பெட்டிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கூட்டம். அம்மா எட்டிப் பார்த்தாள். "இதென்ன, பொட்டி முன்னால இத்தன பேரு நிக்கறாங்க, ரேசன் கடையாட்டம்?" என்றாள்.

இப்போது ஆட்கள் என்னென்ன ஆடுகிறார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய். நான் என்ன வாங்கினேன், என்ன தின்றேன் என்பதெல்லாம் உனக்கு அப்புறம்தான். ஒரு பெட்டியில் செங்கல் சுவர் ஒன்று இருக்கிறது. கீழே ஒரு சின்னப் பலகையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திப் பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும். பந்து பட்ட கல் மறைந்துவிடும். பார்க்கச் சுலபம். வாத்தியார் போலிருந்த ஒருவர் பாதிச் சுவரைக்கூட இடிக்க முடியாமல் வேர்த்து நின்றார். அடுத்த பெட்டியில் வானத்திலிருந்து பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்குகின்றன. அவற்றைச் சுட வேண்டும். எனக்குச் சுட மனம் வராது. அவ்வளவு ஒழுங்காக, வரிசை பிசகாமல் இறங்குகிற பூச்சிகளைச் சேலைக் கரையில் போட்டால் எப்படி இருக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பெட்டிக்குத்தான் கூட்டம் அதிகம். அதில் ஸ்டியரிங் இருக்கிறது. நாம் போகிறதில்லை, ரோடுதான் நம்மைப் பார்த்து ஓடி வருகிறது. ஓர் அண்ணன் மறுபடியும் மறுபடியும் ரோட்டோர மரத்தில் கொண்டுபோய் இடித்தார். பின்னால் நின்ற வேட்டிக்காரர், "கிளீனர் இல்லாம வண்டி எடுத்தா இப்பிடித்தானுங்க ஆகும்" என்றார். கொட்டகையே சிரித்தது. லாரிக்காரர் மகள் நீ. இதை வீட்டுக்குப் போய் உன் அப்பாவிடம் நடித்தே காட்டியிருப்பாய்.

அந்த அண்ணன் எழுந்ததும் அடுத்ததாக வந்து உட்கார்ந்தவள் சுமதி. உன்னோடு ராசிபுரத்தில் படித்த சுமதிதான். நல்ல உயரமாகிவிட்டாள். கையில் வாட்ச், தோளில் பை. அவளைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது. இத்தனை நாள் கழித்துமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏழாவது வரை நீயும் நானும் ஒரே பெஞ்சு. அக்கா கல்யாணமாகிப் போனதும் எங்கள் வீட்டில் தறி நாடாவுக்குள் போடும் குச்சியில் நூலைத் தாராகச் சுற்ற ஆள் இல்லாமல் போயிற்று. அப்பாவின் தறி ஓட வேண்டுமே, நான் ராட்டை முன்னால் உட்கார்ந்தேன். நீ ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினாய். பஸ் எங்கள் தெரு முனையில் திரும்பும்போது ஜன்னல் வழியே கையாட்டுவாய். நான் நூலும் கையுமாக வாசலில் நிற்பேன். கொஞ்ச நாளில் உன் பக்கத்தில் சுமதி உட்கார ஆரம்பித்தாள். நீ கையாட்டினால் அவளும் ஆட்டுவாள். நான் யாரென்றே அவளுக்குத் தெரியாது, ஆனாலும் ஆட்டுவாள். அதற்குப் பிறகு எனக்கு அந்த நேரத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. வாசலுக்கு வர முடியவில்லை.

அப்புறம்தான் உன் அப்பாவின் லாரி பம்பாயிலிருந்து அந்த வீடியோ கேமைக் கொண்டுவந்தது. சோப்பு டப்பா அளவுதான். பக்கத்துக்கு ஒரு பொத்தான். நமது ஊரில் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குச் சேதி வந்து, கையிலிருந்த வேலையை முடித்து நான் ஓடி வருவதற்குள் நீ பெரியவளாகிவிட்டாய். உன் மாமா பச்சை ஓலையில் குடிசை கட்டிக் கொல்லைப்பக்கம் உன்னை உட்கார்த்தியிருந்தார். பாய், தட்டு, டம்ளர், மாற்றுத்துணி. கூடவே வீடியோ கேம்.

என் அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். "எட்ட உக்காந்து பேசிட்டு வா சாமி. தொட்டுக்கிட்டு வந்துறாத. தறியில புதுப் பாவு நூலு ஏத்தியிருக்குது. தீட்டுப் பட்டா உங்கப்பன் என்னையத்தான் பேசுவாரு."

நான் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டேன். நீ குடிசை வாசலில் இருந்து கையை நீட்டிக் காட்டினாய்.

"பாரு புள்ள, மூணு கொம்பு. மூணுலயும் பழம் உழுகும். கீழ ஒருத்தன் கூடைய வெச்சுக்கிட்டு ஓடோணும்."

"ஒன்னும் தெரியலியே."

"சாச்சுப் புடிச்சாத்தான் தெரியும். கிட்ட வா."

"மாட்டேன். பாவு ஏத்தியிருக்குது."

"உங்க பாவுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்?" என்று நீ சிரித்தாய். பிறகு, "சரி, அழுவாத. நான் வெளிய வந்த அன்னிக்கு மொத ஆட்டம் உனக்குத்தான். போதுமா?" என்றாய்.

நான் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஆட்டத்தை உன் முகத்தில்தான் பார்த்தேன். உன் கண் வலது பக்கம் ஓடினால் பழம் வலது கொம்பில். நாக்கின் நுனி வெளியே வந்தால் மூன்று பழம் ஒன்றாக விழுகிறது. உதட்டைப் பிதுக்கினால் ஒன்று தரையில். ஆட்டத்தை நான் உன் முகத்தில் பார்க்கிறேன் என்றே உனக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்குப் போய் ராட்டை சுற்றும்போதும் கை நூலில் இருக்கும், மனது அந்தக் கூடைக்காரனோடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுமதியும் இன்னும் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நேராகக் குடிசைக்குள் நுழைந்து உன் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உங்கள் வீட்டோடு இருந்த உன் அத்தை பதறிப்போய் ஓடி வந்தார். "அடி ஆத்தா, தீட்டுக்குள்ள போயி ஒட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்களே!" என்றார். சுமதி கொஞ்சம்கூட அசரவில்லை. "ஊட்டுக்குப் போயித் தலைக்கு ஊத்திக்கறமுங்க அத்தை" என்றாள். அவளுக்கும் அவர் அத்தை. அவள் வீட்டில் தறி இல்லை, பாவு இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டால் தீர்ந்தது.

உன் கையிலிருந்து கேமை வாங்கி அவள் ஆடினாள். நான்கு தலைகளும் ஒன்றாக அதன்மேல் கவிழ்ந்தன. எனக்கு உன் முகம்கூடத் தெரியவில்லை, உச்சி வகிடு மட்டும்தான். 'டிக் டிக்' கேட்டது. "ஐயோ போச்சு, ஐயோ போச்சு" என்று ஒரே கூச்சல். நீ ஒருதரம் தலையைத் தூக்கி, "இவதான் எங்க ஊருப் புள்ள" என்று என்னைக் காட்டினாய். அவர்கள் பார்த்தார்கள்; மறுபடியும் குனிந்துகொண்டார்கள். தார் சுற்ற நேரமாயிற்று என்று நான் எழுந்து வந்துவிட்டேன். முதல் ஆட்டம் எனக்கு என்று நீ சொன்னது என்ன ஆயிற்று என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். குடிசையை விட்டு வெளியே வந்த பிறகு ஆடுவதில்தானே முதல், இது கணக்கில் வராது என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

உனக்குத் தலைக்கு ஊற்றிய நாள் வந்தது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு விடிந்ததும் வந்துவிட்டேன். உன்னை மணையில் உட்காரவைத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். பாயையும் துணியையும் வெளுக்கிறவர் வாங்கிப் போனார். மற்றதையெல்லாம் உன் அத்தை அண்டாவில் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். தட்டு முங்கியது. டம்ளர் முங்கியது. சீப்பு முங்கியது. அதற்கடுத்து அவர் கையில் வீடியோ கேம் இருந்தது.

"அத்தை! அதுல தண்ணி படக் கூடாது!" என்று தலையில் சொம்புத் தண்ணீர் வழிய நீ கத்தினாய்.

"படாம எப்பிடிக் கண்ணு ஊட்டுக்குள்ள சேத்தறது? சாமி ரூமு இருக்குது, அடுப்படி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் அதை முக்கினார். ஒரு தடவை போதாது என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளேயே வைத்து நன்றாக ஆட்டிக் கழுவினார். சின்னச் சின்னக் கொப்புளமாகக் காற்று மேலே வந்தது. பிறகு முந்தானையால் பக்குவமாகத் துடைத்து, "இந்தா, சுத்தமாயிருச்சு" என்று உன்னிடம் நீட்டினார்.

வெயிலில் வைத்துப் பார்த்தோம். ராகிக் குதிரில் புதைத்து வைத்தும் பார்த்தோம். கண்ணாடிக்குள் மஞ்சள் தங்கிவிட்டது. கூடைக்காரன் வரவே இல்லை. உன் அப்பா ஊரிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "மாரியாயி கோயில்ல வெச்சுரு, அம்புட்டு மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். எனக்கு வரவில்லை. சுமதி ஆடினாள், அவளோடு வந்த இருவரும் ஆடினார்கள். தொடாதே என்ற சொல்லைக் காப்பாற்றிய நான் மட்டும் ஆடவில்லை.

அடுத்த வருஷம் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது தெருவே உங்கள் வாசலில் நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீருடையில் வந்தார்கள். 'கூடப் படிச்ச புள்ளைங்க, வழி விடுங்க' என்று யாரோ சொன்னார்கள். விட்டார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். அழுவதற்குக்கூட அவர்களுக்கு முன்வரிசை.

நேற்று சுமதி ஸ்டியரிங்கை விட்டு இறங்கித் திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வெண்ணந்தூர்ப் புள்ளதான? நம்ம புள்ளையோட பிரண்டு?"

நம்ம புள்ள என்றாள் உன்னை. எனக்குச் சுருக்கென்றது.

"ஆமாங்க" என்றேன். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

"அவ இருந்திருந்தா இன்னிக்கு இந்தக் கொட்டாயையே காலி பண்ணியிருப்பா" என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, நீ ஒரு ஆட்டம் ஆடு. என்கிட்ட டோக்கன் ஒன்னு மிச்சம் இருக்குது" என்றாள்.

அம்மா போ என்பது போல் தலையாட்டினாள். செங்கல் சுவர் முன்னால் போய் நின்றேன். முதல் பந்து என் பலகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இரண்டு கல்லை உடைத்தது. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. வீடியோ கேம் என்பது இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா இத்தனை நாள் வெந்தேன்?

வெளியே வரும்போது சுமதி கேட்டாள். "உன்னைய ஒன்னு கேக்கோணும். கேம் தண்ணில போன பொறவு, அவ எங்ககிட்ட ஒரே பீத்தலு. 'போங்கடி, எங்க ஊர்ல அதவிட நல்ல ஆட்டம் ஒன்னு இருக்குது, அது உங்களுக்கு வராது'ம்பா. எத்தனையோ தரம் கேட்டோம், சொல்லவே இல்ல. என்ன ஆட்டம் அது? உனக்குத் தெரியுமா?"

அவள் ஆசையாகத்தான் கேட்டாள். உன்னைப் பற்றி இன்னும் ஒன்று கிடைக்காதா என்று ஏங்குகிற முகம். அந்த ஏக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியலீங்க" என்றேன்.

தெரியாமல் என்ன? உங்கள் வீட்டு மாடியில் கொல்லைப்பக்கம் பார்த்து மூன்று ஜன்னல். நீ மடி நிறையக் கடலைக்காயைக் கட்டிக்கொண்டு ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவாய். எதில் தலை நீட்டிக் காயைப் போடுவாய் என்று தெரியாது. நாக்கால் 'டிக் டிக்' என்பாய். கீழே நான் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். தவறவிட்டால் 'ப்பீ' என்று கத்துவாய். உன் அத்தை அடுப்படியிலிருந்து, "மேல என்னடி சத்தம், எலியா?" என்று கேட்பார். ஒருநாள் உனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, "நான் மேல வாரேன், நீ கீழ வந்து புடி" என்றேன். "நான்தான் நெறைய ஆடிட்டனே புள்ள. நீ ஆடு" என்றாய்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சொல்லியிருந்தால் சுமதிக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். சொல்ல மாட்டேன். சொன்னால் அவளும் கண்ணை மூடிக்கொண்டு உன்னை அந்த ஜன்னல்களில் பார்ப்பாள். உன் பள்ளிக்கூடம், பஸ்ஸில் உன் பக்கத்து இடம், நீ பாடம் ஒப்பித்த குரல் எல்லாம் அவளிடம் இருக்கட்டும். தலைமுடி கலைந்து, மூச்சிரைக்க, எந்த ஜன்னலில் வருவாய் என்று தெரியாமல் நான் அண்ணாந்து பார்க்க, திடீரென்று நடு ஜன்னலில் வந்து நிற்கிறாயே, அந்த நீ எனக்கு மட்டும்.